சிறைக்கதவை எந்தப் பக்கத்தால் திறப்பது? மலையகத்திலிருந்து ஓர் ஒப்பீடு

சுதந்திர தினம், வெசாக், பொசன், செப்டெம்பர் 12ஆம் திகதி வரும் தேசிய சிறைக்கைதிகள் தினம், நத்தார் என்று வருடத்தில் சில நாட்களில் இலங்கையின் சிறைச்சாலைகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் விடுவிக்கப்பட்டதாகச் செய்தி வருகிறது. அந்தச் செய்தி வரும் மாலையிலேயே மலையகத்து ஹட்டன் பஸ் நிலையத்திலும் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: "நம்ம பக்கம் யாரு வர்றா?" கேட்பவரின் குரலில் சில வேளை ஆவலும், பல வேளை அச்சமும், இப்போதெல்லாம் பெரும்பாலும் கோபமும் இருக்கிறது. தோட்ட மக்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் நீதிமன்றத்துக்குக் கூடச் செல்வதுமாக நீண்ட காலம் கழித்தவன் என்ற முறையில், அந்தக் கோபம் நியாயமானது என்றே கருதுகிறேன். ஆயினும் அது எந்தக் கதவின்மீது எழ வேண்டுமோ அதை விட்டு வேறொரு கதவின்மீது விழுந்துவிடுகிறது என்பதும் என் எண்ணம். சிறை நெரிசலைக் குறைக்க அரசுக்கு முன்னுள்ள வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழும் ஒருவரின் கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே இதை எழுதுகிறேன்.

முதலில் நெரிசலைப் பற்றி. 10,000 முதல் 13,000 பேர் வரைக்கும் என்று வெவ்வேறு கணக்குகளில் சொல்லப்படும் இடவசதிக்குள், அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 30,000 பேர் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர்கள் அல்லர். விளக்கமறியலில் வழக்கை எதிர்நோக்கிக் காத்திருப்பவர்கள். 2023 டிசெம்பரில் தொடங்கிய பொலிஸாரின் 'யுக்திய' நடவடிக்கையில் போதைப்பொருள் தொடர்பாகப் பல்லாயிரம் பேர் கைதானபோது, ஏற்கனவே நிரம்பி வழிந்த கூடங்களில் மேலும் ஆட்கள் சேர்ந்தார்கள். 2020 நவம்பரில் மஹர சிறைச்சாலையில் கொவிட் தொற்றின் பீதியிடையே எழுந்த கலவரத்தில் கைதிகள் 11 பேர் உயிரிழந்தார்கள். ஆகவே "உள்ளேயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. குறைக்கத்தான் வேண்டும், எந்த வழியால் என்பதே கேள்வி.

மக்களின் கண்ணில் முதலில் படும் வழி பொதுமன்னிப்பு. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. விசேட தினங்களில் வெளிவருவோரில் மிகப் பெரும்பாலோர் தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே போனவர்களும், சிறு குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டு அதில் பெரும்பகுதியை அனுபவித்து முடித்தவர்களுமே. அவர்கள் வெளிவருவதில் எவருக்கும் மனக்குறை இருப்பதாக நான் கண்டதில்லை. கோபம் எழுந்ததெல்லாம் வேறு பெயர்களுக்காக. 2000 டிசெம்பரில் மிருசுவிலில் எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருந்த இராணுவ வீரர் சுனில் ரத்நாயக்க 2020 மார்ச்சில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். கொலை வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வா 2021 பொசன் தினத்தில் விடுவிக்கப்பட்டார். 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பைச் செல்லாததாக்கியது. ராயல் பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்ட வழக்கின் குற்றவாளிக்கு 2019இல் வழங்கப்பட்ட மன்னிப்பும் அதே 2024இல் இரத்தானது. அதை வழங்கிய முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2025 வெசாக்குக்கு 388 பேரின் பெயர்கள் அங்கீகரிக்கப்பட்டிருந்த நிலையில், அந்தப் பட்டியலிலேயே இல்லாத ஒருவர் அனுராதபுரம் சிறையிலிருந்து வெளியேறிய விடயம் அம்பலமாகி, சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதாகும் வரை போனது.

இவற்றையெல்லாம் வானொலியில் கேட்ட ஒரு தோட்டத் தொழிலாளி, அடுத்த வெசாக்குக்கு வெளிவரும் கள்ளச் சாராயக் கசிப்புக்காரனையும் அதே சந்தேகத்தோடு பார்ப்பதில் அவரைக் குறைசொல்ல என்னால் முடியாது. கதவு யாருக்காகத் திறக்கிறது, எந்த அளவுகோலின்படி திறக்கிறது என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை.

சந்தேகத்தை ஒருபுறம் வைத்துவிட்டு நெரிசலை மட்டும் கருதினாலும் இந்த வழி தேறாது. 30,000 பேரில் 388 பேர் என்பது நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அவர்கள் வெளியேறிய இடத்தைச் சில நாட்களின் விளக்கமறியல் கட்டளைகளே நிரப்பிவிடும். மன்னிப்பு என்பது கருணைக்குரிய ஓர் அதிகாரம். தீராத நோயோடு படுத்திருக்கும் முதியவருக்கும், நீதி தவறிய வழக்குக்கும் அது அவசியம். இட நெருக்கடியைத் தீர்க்கும் கருவியாக அதைப் பயன்படுத்தத் தொடங்கினால் கருணையும் கெடும், நெருக்கடியும் தீராது.

இரண்டாவது வழி புதிய சிறைகளைக் கட்டுவது. இதில் நான் அதிகம் தங்கப்போவதில்லை, ஏனென்றால் கண்டியிலேயே அதன் விடை இருக்கிறது. வெள்ளையர் காலத்துப் போகம்பறைச் சிறை 2014 ஜனவரியில் மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டார்கள். கட்டடம் புதிதானது நல்லதே. நாட்டின் நெரிசல் அதனால் தீரவில்லை. 2020இல் கொவிட் வந்தபோது மூடிய போகம்பறையையே மறுபடியும் திறந்து கைதிகளைத் தனிமைப்படுத்த வேண்டியதாயிற்று. 1841இலிருந்து நிற்கும் வெலிக்கடைச் சிறையைக் கொழும்பிலிருந்து வெளியே கொண்டுபோவது பற்றியும் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கட்டி முடிக்கப் பத்து வருடமானால் அந்தப் பத்து வருடமும் மனிதர்கள் எங்கே படுப்பது? பழைய கட்டடங்களின் கூரையையும் கழிப்பறையையும் திருத்துவதற்குப் பணம் ஒதுக்கட்டும். அதற்கு மேல் இந்த வழியை நம்பியிருக்க முடியாது.

மூன்றாவது வழி விளக்கமறியலைக் குறைப்பது. என் பார்வையில் மிகப் பெரிய கதவு இதுதான். மக்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைப் பற்றித்தான். பிணை வழங்குவதே விதி, மறுப்பதே விதிவிலக்கு என்று 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நடைமுறையில் அந்த விதியைத் தடுப்பவை சில. போதைப்பொருள், பயங்கரவாதத் தடை போன்ற விசேட சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளுக்கு அந்தப் பொது விதி பொருந்துவதில்லை. அவற்றுக்குத் தனியான, இறுக்கமான பிணை ஏற்பாடுகள் உள்ளன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இவை நாடு முழுவதற்கும் பொதுவானவை. மலையகத்துக்கென்று இன்னொன்று இருக்கிறது; அது சட்டப் புத்தகத்தில் இல்லை.

சில வருடங்களுக்கு முன்னர் கெசல்கமுவ ஓயா பக்கத்தில் சட்டவிரோதமாக மாணிக்கக்கல் அகழ்ந்ததாக ஓர் இளைஞன் பிடிபட்டான். குழியில் இறங்கி மண்ணை வாளியில் அள்ளிக் கொடுத்ததற்கு நாட்கூலி வாங்கியவன்; கல் கிடைத்தால் பங்கு பெறுபவர்கள் வேறு ஆட்கள். முதல் தவணையிலேயே நீதவான் பிணை வழங்கிவிட்டார்: இரண்டு சரீரப் பிணை, அதாவது பொறுப்பேற்றுக் கையெழுத்திட இரண்டு பேர். அன்றே வீடு திரும்பியிருக்க வேண்டியவன், ஐந்து வாரம் உள்ளே இருந்தான். பிணை நிற்பவர் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழோடு வர வேண்டும், நிரந்தர வதிவிடம் காட்ட வேண்டும், வருமானம் காட்ட வேண்டும். அவனுடைய அம்மாவின் லயத்து அறை தோட்டக் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. காணி உறுதிப் பத்திரம் என்ற ஒன்றை அவர் கண்ணால் கண்டதில்லை. உறவினர்கள் யாவரும் அதே லயத்தில், அதே நிலைமையில். தோட்டத்தில் மாதச் சம்பளம் வாங்குவோரோ நீதிமன்றக் காகிதத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். அந்த அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தார். கையில் ஒரு சவர்க்காரம், ஒரு துவாய், வாழையிலையில் கட்டிய சோறு. ஒரு நாள் திரும்பி வரும் வழியில் என்னிடம் அவர் கேட்டது இது: "மாஸ்டர், ஐயா விடச் சொல்லிட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப ஏன் இன்னும் உள்ள வச்சிருக்காங்க?"

பதில் எனக்குத் தெரியும். லயத்து அறைக்கு உறுதி இல்லாததால் வைத்திருக்கிறார்கள். நூறு நூற்றைம்பது வருடம் ஒரே இடத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு நிரந்தர வதிவிடம் இல்லையென்று ஒரு காகிதம் தீர்மானித்துவிடுகிறது. இந்த வகையில் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணினால், வெசாக் பட்டியலைவிட நீளமான பட்டியல் ஒன்று கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிணை வழங்கப்பட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் வெளிவராதவர்களின் விபரத்தைச் சிறை அதிகாரிகள் நீதவானுக்கு அனுப்பி, நிபந்தனையை இலகுவாக்கும்படி கேட்பது, தோட்டப் பதிவேட்டையும் ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தையும் வதிவிடத்துக்கும் வருமானத்துக்கும் சான்றாக ஏற்பது, சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியும் தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தரும் முதல் தவணையிலேயே கிடைக்கச் செய்வது ஆகிய மூன்றும் எவருடைய தண்டனையையும் ஒரு நாளேனும் குறைப்பவை அல்ல. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, எழுதியது என்னவென்று தெரியாமல் கையெழுத்திட்டவனுக்கு அந்த மூன்றாவது ஏற்பாடு எவ்வளவு பெரியது என்பதை மலையகத்தில் விளக்க வேண்டியதில்லை.

அயல்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 2024 ஜூலை முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, மரணதண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்கள் நீங்கலாக, முன்னர் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத ஒருவர், தன்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையின் மூன்றிலொரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விட வழிசெய்கிறது. நமது பிணைச் சட்டத்திலும் பன்னிரண்டு மாதம் என்ற வரம்பு இருக்கிறது. சட்டமா அதிபரின் விண்ணப்பத்தின் பேரில் அதை நீடிக்கவும் இடமிருக்கிறது. நம்முடைய வரம்பு அச்சட்டத்தின் கீழ் வரும் எல்லாக் குற்றங்களுக்கும் ஒரே அளவாக இருப்பதால், சில மாதச் சிறைக்குரிய குற்றத்தில் மாட்டியவன் அந்தச் சில மாதத்தையும் தீர்ப்புக்கு முன்னரே கழித்துவிடக்கூடும். இந்தியாவின் அளவுகோல் அந்த வகையில் மேலானது.

இந்த வழிக்கும் ஓர் ஆபத்து உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. பிணையில் வந்தவன் சாட்சியை மிரட்டுவது நடக்கிறது. ஒரே லயத்தில், ஒரே கூரையின் கீழ், நடுச்சுவர் ஒன்றை மட்டும் இடைவெளியாகக் கொண்டு முறைப்பாட்டாளரும் எதிராளியும் வாழ வேண்டிய தோட்டத்தில் அது நகரத்தைவிட எளிது. எனவே வன்முறை வழக்குகளில் பிணை நிபந்தனையாகத் தோட்டத்தின் வேறு டிவிசனில், உறவினர் வீட்டில் தங்கும்படி கட்டளையிடுவது இங்கே பொருந்தும். நல்ல நீதவான்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது வழி, தண்டப்பணத்துக்காகவும் சிறு குற்றங்களுக்காகவும் எவரையும் சிறைக்கு அனுப்பாதிருப்பது. தீர்ப்பளிக்கப்பட்டு ஒவ்வோர் ஆண்டும் சிறை செல்வோரில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் செலுத்தத் தவறியவர்கள் என்பது நீண்டகாலமாக அறியப்பட்ட உண்மை. கசிப்பு வைத்திருந்ததற்காக ஒருவருக்கு 25,000 ரூபா விதிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். 2024இல் நிர்ணயமான நாட்சம்பளம் 1,350 ரூபா என்றால் அது பதினெட்டுப் பேருக்கும், அதாவது பதினெட்டு நாள் வேலைக்கும், மேலான உழைப்பு. மழைக்காலத்தில் மாதத்துக்குப் பதினெட்டுப் பேர் விழுவதே பெரிய காரியம். விழுந்தாலும் சேமலாப நிதி, தீபாவளி முற்பணம், கோயில் சந்தா, கடைக்கடன் என்று வெட்டுக்கள் போய்க் கையில் வருவது எவ்வளவு என்பது சம்பளச் சீட்டைப் பார்த்தவருக்குத் தெரியும். காசுள்ளவன் அன்றே கட்டிவிட்டு வீடு போகிறான். இல்லாதவன் சிறைக்குப் போகிறான். குற்றம் ஒன்றே, தண்டனை இரண்டு.

தவணை முறையில் தண்டப்பணம் கட்ட அனுமதிக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு ஏற்கனவே உண்டு. அதற்கும் மேலாக, 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை வழங்கலாம். குற்றவாளி வீட்டில் இருந்துகொண்டே, மேற்பார்வையின் கீழ், சம்பளமில்லாத பொதுவேலை செய்தோ ஆலோசனைக்குப் போயோ தண்டனையைக் கழிப்பார். போதைக்கு அடிமையான இளைஞனைப் பொறுத்தவரை இது சிறையைவிட எவ்வளவோ மேல். ஹெரோயின் ஒரு பொட்டலத்தோடு உள்ளே போனவன், விற்பவர்களின் தொடர்புகளோடு வெளியே வருவதை எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிவார்கள். தாய்மார் என்னிடம் வந்து அழுவது மகன் சிறைக்குப் போனதற்காக மட்டுமல்ல, அவன் வேறு ஆளாகத் திரும்பி வந்ததற்காகவும்தான்.

இந்த வழியை நான் விரும்பினாலும் ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தச் சம்பளமில்லாத வேலை ஒருபோதும் தோட்டக் கம்பெனியின் மலையில் நடக்கக் கூடாது. கங்காணியின் கடனுக்குக் கட்டுப்பட்டுக் கூலியின்றி உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். சட்டத்தின் பெயரால் அந்த உழைப்பு இன்னொரு முறை வந்துவிடக் கூடாது. பாடசாலை மதில், ஆஸ்பத்திரி வளவு, மண்சரிந்த பொதுப்பாதை, பிரதேச சபையின் வடிகான் ஆகியவை போதும். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் அத்தகைய வேலை தீர்ந்துபோகும் நாள் வரப்போவதில்லை. மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தர் தமிழ் பேசுபவராக இருப்பதும் அவசியம். கட்டளையில் எழுதியது புரியாமல் ஒரு தவணையைத் தவறவிட்டால் அவன் மறுபடியும் சிறைக்கே போவான்.

ஐந்தாவது, பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை அனுபவிப்பவரை, தண்டனைக் காலம் முடியும் முன்னர், நடத்தையைப் பார்த்து, நிபந்தனைகளோடும் கண்காணிப்போடும் வெளியே விடுவது. மிகக் கடினமான வழி இதுவே. இங்கிலாந்தில் 2024 செப்டெம்பர் 10ஆம் திகதி, நெரிசல் காரணமாக, தண்டனையில் நூற்றுக்கு நாற்பது பங்கு முடித்தவர்களை விடுவிக்கும் ஏற்பாட்டின்படி ஏறத்தாழ 1,700 பேர் ஒரே நாளில் வெளிவந்தார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் தவறுதலாக விடுவிக்கப்பட்டவர்கள் என்பது பின்னர் தெரியவந்தது. பணக்கார நாடு, கணினிப் பதிவேடு, பயிற்றப்பட்ட நன்னடத்தை உத்தியோகத்தர்கள் எல்லாம் இருந்தும் அவசரம் அங்கே பிழையாயிற்று, மக்களும் கொதித்தார்கள். நாள் குறித்து மொத்தமாகத் திறப்பதற்கும், ஆளைப் பார்த்து ஒவ்வொருவராக விடுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

எங்கள் பக்கத்து டிவிசனில் ஓர் அக்கா இருக்கிறார். குடித்துவிட்டு வந்த அயல்வீட்டுக்காரன் ஒருவன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டியதில் அவருடைய இடது கையின் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. கொழுந்து எடுப்பவருக்குக் கை என்பது என்னவென்று சொல்லத் தேவையில்லை. முன்பு எளிதாக எட்டிய கிலோக் கணக்கை இப்போது அவரால் எட்ட முடிவதில்லை, அரைப்பேர் விழும் நாட்கள் கூடிவிட்டன. வெட்டியவன் தண்டிக்கப்பட்டான். ஒரு நாள் காலையில் அவர் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது அவன் அங்கே நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தான். குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்ததாகச் சொன்னார். "அவன விட்டதுக்கு நான் ஒன்னும் சொல்லல்ல மாஸ்டர். அவனுக்கும் பிள்ளைங்க இருக்கு. வர்றான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னைக்கு என் மகள பீலிக்குத் தனியா அனுப்பப் பாத்திருக்க மாட்டேன்ல."

அவன் வந்தது மன்னிப்பிலா, நன்னடத்தைக் கழிவிலா, மேன்முறையீட்டுப் பிணையிலா என்று அறிய அவருக்காக இரண்டு அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் 2015இல் வந்தது. 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது. சட்டம் இருக்கிறது, பீலிக்கரை வரை அது வந்து சேரவில்லை.

இவ்வைந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் தெரிவு இப்படி அமைகிறது. முதலில் திறக்க வேண்டியவை விளக்கமறியல் கதவும் தண்டப்பணக் கதவும்தான். பெரும் எண்ணிக்கையானோர் இருப்பது அங்கேதான். அவற்றைத் திறப்பதால் தீர்ப்பளிக்கப்பட்ட வன்முறையாளன் எவனும் ஒரு நாள் முன்னதாக வெளிவரப்போவதில்லை. மக்களின் கோபத்துக்கும் அங்கே இடமில்லை. விசேட தினப் பொதுமன்னிப்பை நெரிசலுக்கான பரிகாரமாகக் காட்டுவதை அரசு நிறுத்த வேண்டும். வழங்குவதாயின் யார், எந்தக் குற்றம், எவ்வளவு தண்டனை முடிந்தது, என்ன காரணம் என்பதை மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். நிபந்தனை விடுதலையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அது கடைசியாக, மெதுவாக, பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்ட பிறகே வர வேண்டும். இந்த வரிசையை மாற்றி, கட்டடத்திலும் மன்னிப்பிலும் தொடங்கினால், இப்போதுள்ள நிலையே இன்னும் பல ஆண்டுகள் தொடரும்.

நிபந்தனை விடுதலை வரும்போது தோட்டங்களுக்கென்று செய்ய வேண்டிய ஏற்பாடு பெரிய செலவுள்ளதும் அல்ல. விடுவிக்கும் திகதிக்கு இரண்டு வாரம் முன்னதாகச் சிறைச்சாலையிலிருந்து கிராம உத்தியோகத்தருக்கு ஒரு தமிழ்க் கடிதம்; அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பாதிக்கப்பட்டவரின் லயத்துக்கு ஒருமுறை நடந்து போவது; வருபவன் எந்த லயத்தில் தங்குவான், எந்த நாளில் எங்கே கையெழுத்திடுவான், அவனால் தொந்தரவு வந்தால் யாருக்குத் தொலைபேசியில் சொல்வது என்ற மூன்று விபரம். அந்த அக்கா இப்போதும் விடிவதற்கு முன்னரே, மகளையும் கூட்டிக்கொண்டு, மேல் லயத்துப் பீலிக்குத்தான் போய்த் தண்ணீர் எடுத்து வருகிறார்.